ஆலையையும் ஆய்வுக்கூடத்தையும் இணைத்த அறிஞர் விக்ரம் சாராபாய்

நம் முன்னோர் தானத்தை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர். பசித்தவர்க்கு உணவும் பிணியுற்றவர்க்கு மருந்தும் அளிப்பதன் பயனை எவரும் எளிதில் உணர்வர். அறிவை அளிப்பதும் அச்சத்தை நீக்குவதும் அவ்வாறு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவ்விரு கொடைகளிலும் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரை இவ்விதழில் நினைவுகூர விரும்புகிறோம். அவரே டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய் ஆவார். இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை என அவரை நாடு நன்கறியும். ஆயின், ராக்கெட்டுகள் விண்ணில் எழுவதற்கு முன்னரே பஞ்சாலைகளையும் ஆய்வுக்கூடங்களையும் ஒன்றோடொன்று உறவாட வைத்தவர் அவர் என்பதும், அந்த அனுபவத்தையே பின்னாளில் நாட்டின் மின்னாற்றல் திட்டங்களுக்கும் எடுத்துச் சென்றார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்பகுதியையே இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

குடும்பமும் கல்வியும்

விக்ரம் சாராபாய் 1919 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12 ஆம் நாள் அகமதாபாத் நகரில், ஸ்ரீமாலி சமணக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய், தாய் சரளாதேவி. உடன்பிறந்தோருடன் சேர்த்து வீட்டில் எண்மர் பிள்ளைகள். அம்பாலால் புகழ்பெற்ற காலிகோ ஆலையின் உரிமையாளர். காந்தியடிகள் 1915 இல் அகமதாபாத்தில் ஆசிரமம் நிறுவி, தீண்டப்படாதோர் எனப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டபோது, நகரத்துச் செல்வர்கள் உதவியை நிறுத்திக் கொண்டனர். அவ்வேளையில் ஒரு செல்வர் காரில் வந்து, பெயரையும் வெளியிடாமல் 13,000 ரூபாயைக் கொடுத்துச் சென்றார். அவர் அம்பாலாலே என்பது பின்னர் பலரும் அறிந்த செய்தியாயிற்று.

அதே அம்பாலால் 1918 ஆம் ஆண்டின் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முதலாளிகளின் பக்கம் நின்றார். எதிர்ப்பக்கத்தில் காந்தியடிகளோடு சேர்ந்து தொழிலாளருக்குத் துணை நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா பென். கருத்தில் எதிரெதிராக நின்றும் அக்காள் தம்பி உறவு முறியவில்லை. ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று காணலாம் என்ற உண்மையை ஏட்டில் படிப்பதற்கு முன்னரே வீட்டில் காணும் வாய்ப்பு அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இருந்தது.

பிள்ளைகளுக்கெனச் சரளாதேவி மாண்டிசோரி முறையைத் தழுவிய பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தினார். தாகூர், காந்தியடிகள், நேரு, சர் சி. வி. இராமன் போன்ற பெரியோர் விருந்தினராக வந்து சென்ற இல்லம் அது. குஜராத் கல்லூரியில் பயின்றபின் விக்ரம் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலில் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இராமன் அவர்களின் மேற்பார்வையில் காஸ்மிக் கதிர்களை ஆராயத் தொடங்கினார். ஹோமி பாபாவும் அப்போது அங்கிருந்தார். 1942 இல் சென்னையைச் சேர்ந்த சுவாமிநாதன் குடும்பத்து மகளும் நாட்டியக் கலைஞருமான மிருணாளினியை மணந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947 இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். நாடு விடுதலை பெற்ற ஆண்டு அது. அவருக்கு வயது 28.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் தோன்றியது. கல்லூரியொன்றில் கிடைத்த சில அறைகளே அதன் முதல் இருப்பிடம். சாராபாய் குடும்பத்தின் அறநிலையமும் அகமதாபாத் கல்விக் கழகமும் பொருளுதவி செய்தன. தென்னாட்டவரான வளிமண்டல அறிஞர் கே. ஆர். இராமநாதன் அதன் முதல் இயக்குநரானார். தாமே தொடங்கிய நிறுவனத்தில் தம்மினும் மூத்த அறிஞரைத் தலைமையில் அமர்த்தித் தாம் அவருக்குத் துணை நின்றது விக்ரமின் பண்பைக் காட்டும்.

பஞ்சாலைகள் நடுவே ஓர் ஆய்வுக்கூடம்

அதே 1947 இன் இறுதியில் பிறந்ததே அகமதாபாத் நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை 'அட்டிரா' என்பர். இதற்குப் பெருந்துணையாக நின்றவர் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய். ராணக்பூர், தில்வாரா ஆலயங்களின் திருப்பணியை முன்னின்று நடத்திய அப்பெருமகனாரை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆலைகள் ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் பொருள் தர, இரு தரப்பும் கூடி நடத்தும் ஆராய்ச்சி நிறுவனமாக அது அமைந்தது. இந்திய நெசவுத் தொழிலில் இவ்வகைக் கூட்டு நிறுவனம் அதுவே முதலாவது. அதனை உருவாக்கி நடத்தும் பொறுப்பு, நெசவுத் தொழில்நுட்பத்தைத் தனியே பயிலாத இந்த இளம் இயற்பியலறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 வரை ஊதியம் பெறாத மதிப்பியல் இயக்குநராக அவர் அதனை வளர்த்தார்.

அன்றைய ஆலைகளின் நிலையை எண்ணிப் பார்த்தால் இப்பணியின் கடினம் விளங்கும். பஞ்சைக் கலப்பதிலும், பாவு நூலுக்குக் கஞ்சியிடுவதிலும், சாயம் ஏற்றுவதிலும் மேஸ்திரிகளின் கைப்பழக்கமே அளவுகோல். அக்கைப்பழக்கத்தில் உண்மையான அறிவு உண்டு. ஆயினும் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மறைவாகச் செல்லும் அறிவு. அளந்து சொல்ல இயலாதது. ஓர் ஆலையின் முறையை மற்றோர் ஆலை அறியாது; அறிய விடவும் மாட்டார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறும். இழை அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றாலும் கொதிகலனில் நிலக்கரி எரிந்து கொண்டேயிருக்கும். இந்த இழப்பு எவ்வளவு என்று எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத இழப்பைக் குறைக்க எவருக்கும் தோன்றுவதுமில்லை.

ஆகவே அட்டிரா முதலில் கையிலெடுத்தது பெரிய கண்டுபிடிப்பு எதையும் அன்று. அளத்தல் என்ற எளிய செயலையே அது கையிலெடுத்தது. நூலின் சீர்மை, இழையின் வலிமை, அறுபடும் எண்ணிக்கை, கழிவின் அளவு ஆகியவற்றை முறையாக அளந்து, தரக் கட்டுப்பாட்டு முறைகளை ஆலைகளுக்குக் கற்பித்தது. இதற்காக விக்ரம் தேர்ந்தெடுத்தவர்களுள் பலர் ஆலையைக் கண்டறியாத இளம் இயற்பியலாளர்களும் வேதியியலாளர்களும் புள்ளியியலாளர்களும் ஆவர். உளவியலாளர்களையும் சேர்த்தார், கமலா சௌத்ரி அப்பிரிவுக்குத் தலைமை ஏற்றார். நெசவாலை ஆய்வில் உளவியலுக்கு என்ன வேலை என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும். புதிய முறையொன்று தோற்பதற்கு இயந்திரத்தின் குறையைக் காட்டிலும் மனிதரின் ஐயமே பெரிதும் காரணமாகிறது என்பதை விக்ரம் உணர்ந்திருந்தார். மேஸ்திரியின் அனுபவத்தை இகழும் ஆய்வாளனும் ஆலைக்குப் பயன்படான். ஆய்வாளனின் அளவுகோலைக் கண்டு அஞ்சும் மேஸ்திரியும் முன்னேற மாட்டான். இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் பொறுமையுடன் கேட்கப் பழக வேண்டும்.

இங்கேதான் நாம் முதலிற் கூறிய சாத்திர தானம் நினைவுக்கு வருகிறது. போட்டியிடும் வணிகர்கள் தத்தம் அறிவைப் பூட்டி வைப்பது உலக வழக்கு. பூட்டி வைத்த பொன் குறைவதில்லை. பூட்டி வைத்த அறிவோ நாளடைவில் பழமையாகிப் பயனற்றுப் போகும். தங்கள் ஆலைகளின் குறைகளை ஒரு பொது மேசையில் வைத்து, அங்கிருந்து பொதுவான தீர்வைப் பெற்றுக்கொள்ள முதலாளிகள் இசைந்ததே அட்டிராவின் முதல் வெற்றி என்போம்.

அவ்விளக்கிலிருந்து பிற விளக்குகளும் ஏற்றப்பட்டன. பம்பாயில் ஒரு கழகமும், 1956 இல் நம் கோயம்புத்தூரில் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிக் கழகமும் இதே கூட்டுறவு முறையில் தோன்றின. 1973 இல் எண்ணெய் விலை ஏறி உலகெங்கும் ஆற்றல் நெருக்கடி உண்டானபின், எரிபொருளும் மின்சாரமும் ஆலைகளுக்குப் பெருஞ்செலவாயின. இத்தகைய கழகங்கள் அப்பணியிலும் துணை நின்றன. கொதிகலனின் வெப்பம் எங்கே வீணாகிறது, ஈரப்பதக் கருவிகளின் விசிறிகள் தேவைக்கு மேல் எவ்வளவு மின்சாரம் உண்கின்றன, அழுத்தக் காற்று எந்தக் குழாயில் கசிகிறது என்று அளந்து கூறும் ஆற்றல் தணிக்கை அவற்றின் பணிகளுள் ஒன்றாயிற்று. வீணாக்காத ஆற்றல், புதிதாக உண்டாக்கிய ஆற்றலுக்குச் சமம். நுகர்வுக்கு அளவு வகுத்துக்கொள்ள வேண்டும் எனக் கூறும் நம் இல்லற விரதங்களுள் ஒன்றை அறிந்தவர்க்கு இது புதிய செய்தி அன்று. அதனை ஆலைக்குள் நடைமுறைப்படுத்த வேண்டிய கருவிகளும் ஆட்களும் கிடைத்ததே புதுமை.

அட்டிராவில் கற்ற பாடத்தை விக்ரம் அத்துடன் விட்டுவிடவில்லை. 1961 இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றியபோது மத்திய அரசு, மாநில அரசு, தொழிலதிபர்கள், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஆகிய பல தரப்பினரையும் ஓரிடத்தில் அமர்த்தியதில் அவர் பங்கு பெரிது. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் எழுந்ததையும் நாடறியும்.

அணுவும் மின்சாரமும்

1966 சனவரி 24 அன்று ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் அணுசக்தி ஆணையத்தின் தலைமை விக்ரமிடம் வந்தது. விண்வெளிப் பணியையும் விடாமல் இந்தப் பெருஞ்சுமையையும் அவர் ஏற்றார்.

அப்போது நாட்டின் மின்னாற்றல் நிலை எத்தகையது? நிலக்கரிச் சுரங்கங்கள் பெரும்பாலும் கிழக்கே இருந்தன. அகமதாபாத், பம்பாய் போன்ற மேற்குத் தொழில் நகரங்களுக்கு நிலக்கரி நெடுந்தொலைவு இரயிலில் வர வேண்டியிருந்தது. ஆலை அதிபரின் மகனான விக்ரமுக்கு இதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. பாபா காலத்தில் தொடங்கப்பட்ட தாராப்பூர் அணுமின் நிலையம் இக்குறையைப் போக்கும் நோக்குடையது. 1969 இல் அது மின்சாரம் வழங்கத் தொடங்கியது.

விக்ரமின் தனிச் சிந்தனை இதற்கப்பால் சென்றது. பெரிய மின் நிலையம் ஒன்றை எழுப்பிவிட்டு, மின்சாரத்தை வாங்குவோர் தாமாக வருவர் என்று காத்திருத்தல் ஏழை நாட்டுக்கு ஏற்றதன்று என அவர் கருதினார். மின் நிலையம், அதனருகில் உரத் தொழிற்சாலை, அலுமினியம் முதலிய மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் தொழில்கள், சுற்றியுள்ள வயல்களுக்கு நீர் இறைக்கும் குழாய்க் கிணறுகள் ஆகிய அனைத்தையும் ஒரே திட்டமாக இணைத்தல் வேண்டும் என்றார். இதற்கு வேளாண் தொழில் வளாகம் என்று பெயர். கங்கைச் சமவெளியின் மேற்கு உத்தரப் பிரதேசப் பகுதிக்கும், கட்ச் சௌராஷ்டிரப் பகுதிக்கும் இத்தகைய வளாகங்கள் ஆராயப்பட்டன. முன்னதில் நிலத்தடி நீரை மேலே கொணர மின்சாரம் பயன்படும். பின்னதில் கடல்நீரை நன்னீராக்கப் பயன்படும். அணு விஞ்ஞானியும் உழவியல் அறிஞரும் நீரியலாளரும் தொழில் வல்லுநரும் கூடி அமர்ந்து கணக்கிட்டாலன்றி இத்தகைய திட்டம் உருவாகாது. அகமதாபாத் ஆலைகளில் அவர் தொடங்கிய அதே கூட்டு முயற்சி, இங்கே நாடளாவியதாக விரிந்ததைக் காண்கிறோம்.

அவ்வளாகங்கள் கட்டப்படவில்லை. அதற்குத் தேவையான முதலீடு மிகப் பெரிது. 1970 இல் அவர் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம், 1980 க்குள் 2,700 மெகாவாட் அணுமின்சாரம் என்ற இலக்கை வகுத்தது. அந்த இலக்கும் உரிய காலத்தில் எட்டப்படவில்லை. அவர் ஒரே சமயத்தில் அளவுக்கு மீறிய பொறுப்புகளைத் தாங்கினார் என்ற குறையும் கூறப்பட்டது. பெரியோர் வாழ்வை எழுதுங்கால் நிறைவேறாதவற்றை மறைத்தல் அவர்களுக்குப் பெருமை சேர்க்காது என்பதால் இவற்றையும் குறிப்பிடுகிறோம். ஆயினும், ஆற்றலை உண்டாக்குவோரும் அதனைப் பயன்படுத்துவோரும் முதற்கணக்கிலேயே ஒன்றாக இருத்தல் வேண்டும் என்ற கருத்து பழமை எய்தவில்லை. சூரிய ஒளியும் காற்றும் மின்சாரமாகும் இக்காலத்திலும், பகலில் மிகும் மின்சாரத்தை எத்தொழில் ஏற்கும், எவ்வயலுக்கு நீர் இறைக்கும் என்ற வினா அதே வடிவில் நம் முன் நிற்கிறது.

கல்பாக்கத்தில் விதைத்த விதை

தமிழகத்தாராகிய நமக்கு அவர் விட்டுச் சென்ற நேரடியான நினைவு கல்பாக்கம் ஆகும். சென்னைக்குத் தெற்கே உள்ள அக்கடற்கரையில் எழும் அணுமின் நிலையத்தை இந்தியப் பொறியாளர்களும் இந்தியத் தொழிலகங்களுமே கட்டுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. உலையின் கனத்த பாகங்களை உருவாக்குவது அதுவரை நம் தொழிலகங்களுக்குப் பழக்கமில்லாத கலை. சிறு பிழையும் பொறுக்காத அளவுகளில் உலோகத்தைக் கடைவதற்கு ஆய்வாளரும் தொழிலகத்தாரும் நெருங்கிப் பழக வேண்டியிருந்தது. காலம் நீண்டது, பொறுமை தேவைப்பட்டது. 1983 இல் அங்கு முதல் அலகு இயங்கத் தொடங்கியபோது விக்ரம் உயிரோடு இல்லை.

அதே கல்பாக்கத்தில் 1971 இல் உலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் நோக்கம் வேக ஈனுலை. இது, தான் எரிக்கும் எரிபொருளினும் மிகுதியாகப் புதிய எரிபொருளை உண்டாக்கவல்ல உலை. நம் நாட்டில் யுரேனியம் குறைவு. ஆனால் கேரளத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் உள்ள கடற்கரை மணலில் தோரியம் மிகுதி. குறைந்த யுரேனியத்தைக் கொண்டு தொடங்கி, ஈனுலைகளின் வழியே தோரியத்தைப் பயன்படுத்தும் நிலைக்குச் செல்வது பாபா வகுத்த நெடுவழி. அவ்வழியின் இரண்டாம் படியைத் தொடங்கப் பிரான்சு நாட்டோடு ஒப்பந்தம் செய்து, நம் இளம் பொறியாளர்கள் அங்கு சென்று பயில வழிசெய்தவர் விக்ரம். அவர்கள் திரும்பி வந்து அமைத்த சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. தாம் நடும் மரத்தின் கனியைத் தாம் உண்ணப் போவதில்லை என அறிந்தும் நடுகின்றவர்களாலேயே இத்தகைய பணிகள் தொடங்கப்படுகின்றன.

அபயம்

இனி நான்காம் தானத்துக்கு வருவோம். 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது. நாமும் செய்ய வேண்டும் என்ற குரல் நாட்டில் ஓங்கி ஒலித்தது. அணுசக்தி ஆணையத்தின் தலைவர் விரும்பினால் அக்குரலோடு சேர்ந்து எளிதில் புகழடைந்திருக்கலாம். பொறுப்பேற்றவுடன் விக்ரம் வெளிப்படையாகத் தம் ஐயத்தைத் தெரிவித்தார். ஒரு குண்டை வெடித்துக் காட்டுவதால் நாட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது; அதனைச் சுமக்கும் படைக்கலங்களுக்கும் எச்சரிக்கை அமைப்புகளுக்கும் ஆகும் பெருஞ்செலவை ஏழை நாடு தாங்காது; வறுமை நீங்காத நாட்டுக்கு உள்ளிருந்தே அச்சம் வரும் என்பது அவர் எண்ணத்தின் சாரம். விஞ்ஞானிகளுள்ளும் ஆட்சியாளருள்ளும் இதனை ஏற்காதோர் இருந்தனர். அவர் மறைந்த பின்னர், 1974 மே 18 அன்று பொக்ரானில் சோதனை நிகழ்ந்தது.

விக்ரம் தம் செயல்களைச் சமயத்தின் பெயரால் விளக்கிக் கொண்டவர் அல்லர். அவருடைய கொள்கை ஒவ்வொன்றையும் நம் சமயத்தோடு முடிச்சுப் போடுவது அவருக்கு நாம் செய்யும் நீதி ஆகாது. அவருடைய வாதங்கள் பொருளாதாரத்தையும் பாதுகாப்பையும் பற்றியன. ஆயினும், பேரழிவு ஆற்றல் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கையில், அதனை வயலுக்கு நீராகவும் வீட்டுக்கு விளக்காகவும் மாற்றவே முனைந்து நின்ற ஒருவரைக் காணும்போது, அகிம்சையைப் பரம தருமமாகப் போற்றும் நம் உள்ளம் நெகிழாமல் இராது.

1971 டிசம்பர் 30 ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 52. 1966 இல் பத்மபூஷண் விருது பெற்றிருந்த அவருக்கு, மறைவுக்குப்பின் 1972 இல் பத்மவிபூஷண் வழங்கப்பட்டது. 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்முனை அருகே மெல்ல இறங்கிய இந்தியக் கலத்துக்கும் விக்ரம் என்றே பெயர்.

நிலவில் அவர் பெயர் விளங்குவது நமக்குப் பெருமையே. ஆயினும் அவர் வாழ்வின் பாடம் நிலத்திலேயே உள்ளது. நம் சமுதாயத்தில் வணிகம் செய்வோர் பலர். தொழிலகம் நடத்துவோர் உண்டு. கல்லூரிகளில் கற்பிப்போரும் கற்போரும் உண்டு. அரைவை ஆலையோ, சாயப்பட்டறையோ, சிறு பட்டறையோ நடத்தும் அன்பர், தம் ஊருக்கருகில் உள்ள பொறியியல் கல்லூரியின் வாயிலை ஒரு முறையேனும் மிதித்ததுண்டா? அக்கல்லூரியின் ஆசிரியர், அப்பட்டறையில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்று அளந்து பார்க்க மாணவரை அனுப்பியதுண்டா? இரண்டு வாயில்களும் பெரும்பாலும் சில கல் தொலைவிலேயே இருக்கின்றன. இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் அகமதாபாத்தில் அத்தொலைவை நடந்து காட்டினார். அவர் நினைவுக்கு நாம் செலுத்தும் தகுந்த அஞ்சலி, அவ்வழியில் நாமும் நடப்பதே ஆகும்.

வாழ்க அவர் புகழ்!